வெயிட் லாஸ் சர்ஜரி முடிஞ்சு கண்ணு முழிச்சா என்ன நடக்கும்? ஆபரேஷன் டேபிள்ல இருந்து வீட்டுக்கு வர்ற வரைக்கும் முழு வழிகாட்டி

ஸ்லீவோ (இரைப்பையோட பெரும்பகுதிய வெட்டி எடுக்குறது) பைபாஸோ (இரைப்பைய சின்னதாக்கி குடலோட நேரா இணைக்கிறது) பண்ணிக்கப் போறவங்க ஓபியில டாக்டர்கிட்ட கேக்குறது பெரும்பாலும் ஒண்ணுதான், எத்தனை கிலோ குறையும், எத்தனை மாசத்துல குறையும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரி, வார்டுல லைட்ட அணைக்கப் போற நேரத்துல தான் மெதுவா கேப்பாங்க, "சிஸ்டர், முழிச்சதும் எப்படி இருக்கும்?"னு. அந்த நேரத்துல ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேச முடியாது, சொன்னாலும் பயத்துல பாதி மண்டையில ஏறாது. சென்னையில போஸ்ட்-ஆப் வார்டுல, அதாவது ஆபரேஷன் முடிஞ்சவங்க இருக்குற வார்டுல, வேலை பாக்குறதால தினமும் இதையே சொல்றேன், அதான் மொத்தமா எழுதி வச்சிடலாம்னு. உங்க கூட தங்கப் போற அட்டெண்டரும் இத கண்டிப்பா படிக்கணும், ஏன்னா முதல் நாள் வர்ற குளறுபடில பாதி அவங்க பாசத்துல பண்றதுதான்.

ஒரு விஷயம் மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். ஒவ்வொரு சர்ஜனுக்கும் ஒரு முறை இருக்கும், ஒருத்தர் ட்ரெயின் (உள்ள சேர்ற நீர வெளிய எடுக்குற ட்யூப்) வைப்பாரு, இன்னொருத்தர் வைக்கவே மாட்டாரு, ஒருத்தர் அன்னைக்கு சாயங்காலமே தண்ணி குடுப்பாரு, இன்னொருத்தர் மறுநாள் காலையில தான். உங்க டாக்டர் சொல்றதும் நான் சொல்றதும் மோதுச்சுன்னா அவர் சொல்றதுதான் கரெக்ட்.

முந்தின நாள் ராத்திரியே பண்ண வேண்டியது

நல்லபடியா முழிக்கிறதுக்கான ஏற்பாடு இங்கயே ஆரம்பிக்குது. குறட்டை, ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்துல மூச்சு விட்டு விட்டு நிக்கிறது) இருந்து வீட்டுல சிபாப் மெஷின் (மூச்சு அடைக்காம மாஸ்க் வழியா காத்து விடுறது) போட்டு தூங்குறவங்க அந்த மெஷினையும் மாஸ்க்கையும் கையோட எடுத்துட்டு வந்துடுங்க, "ஒரு நாள் தானே"ன்னு விட்டுட்டு வராதீங்க. மயக்க மருந்தும் வலி மருந்தும் சேர்ந்து மூச்ச இன்னும் மந்தமாக்கும், மெஷின் ரொம்பத் தேவைப்படுறதே அந்த முதல் ராத்திரிதான்.

நகை எல்லாம் கழட்டணும், மூக்குத்தி, மெட்டி, அரைஞாண் கொடி உட்பட. ஆபரேஷன்ல கரண்ட் வச்சு ரத்தக்கசிவ நிறுத்துற கருவி யூஸ் பண்றாங்க, உடம்புல மெட்டல் இருந்தா அந்த இடத்துல சூடு பட வாய்ப்பு இருக்கு. தாலிய கழட்ட மனசு வராதுன்னு தெரியும், நிறைய பேரு மஞ்சக் கயித்துல மாத்திக் கட்டிட்டு வருவாங்க, அத ராத்திரியே பண்ணிடுங்க, காலையில ஸ்ட்ரெச்சர்ல ஏத்துற நேரத்துல மாமியார் கயிறு தேடி ஓடுற கூத்து வேண்டாம். பல வருஷமா கழட்டாத மெட்டியா இருந்தா சோப்பு தண்ணி போட்டு மெதுவா திருப்பணும், அதுக்கும் நேரம் ஆகும். நெயில் பாலிஷயும் அழிச்சிடுங்க, விரல்ல மாட்டுற ஆக்ஸிஜன் கிளிப் அதுல தப்பா காட்டலாம். கண்ணாடி, காது மெஷின், பல் செட் எல்லாம் ஒரு டப்பால போட்டு அட்டெண்டர்கிட்ட குடுங்க, வார்டுக்கு வந்த உடனே கேட்டு வாங்கிக்கலாம்.

முழிக்கிற முதல் அரை மணி நேரம்

சினிமால காட்டுற மாதிரி மெதுவா கண்ணத் தொறந்து மேல ஃபேன் சுத்துறத பாத்து "நான் எங்க இருக்கேன்"னு கேக்குறதெல்லாம் கிடையாது. முதல்ல வர்றது சத்தம்தான். மெஷின் பீப் பீப்னு அடிக்கிறது, யாரோ உங்க பேர சத்தமா கூப்பிடுறது, "ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, கண்ணத் தொறங்க, நல்லா மூச்சு இழுங்க, என் கைய இறுக்கிப் பிடிங்க". தொண்டையில இருந்த ட்யூப பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டர் உள்ளயே எடுத்துடுவாங்க, அது உங்களுக்கு ஞாபகமே இருக்காது. ஆனா தொண்டை கரகரன்னு இருக்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும்.

கண்ணு மங்கலா தெரியும், ஆபரேஷன் நேரத்துல கண்ணு காயாம இருக்க டேப் ஒட்டி மூடி வைப்பாங்க, சில நேரம் ஜெல்லும் போடுவாங்க, அதனால தான். வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். குளிர் நடுக்கம் வரும், பல்லு தந்தி அடிக்கும், இது ஜுரம் இல்ல, மயக்க மருந்தும் தியேட்டரோட ஏசியும் சேர்ந்து பண்ற வேலை, போர்வையோ சூடான காத்து ஊதுற பிளாங்கெட்டோ போட்டா நின்னுடும். சிலர் காரணமே இல்லாம அழுவாங்க. சிலர் "ஆபரேஷன் முடிஞ்சிருச்சா"ன்னு கேப்பாங்க, முடிஞ்சிருச்சுன்னு சொன்னதும் சரின்னுட்டு கொஞ்ச நேரத்துல மறுபடி அதையே கேப்பாங்க. மருந்து அந்த நேரத்து ஞாபகத்தையே பதிய விடாது, இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல, நாங்க தினமும் பாக்குறோம்.

யூரின் ட்யூப் போட்டிருந்தா அவசரமா பாத்ரூம் போகணும்னு தோணும். எழுந்து ஓடப் பாக்காதீங்க, அது ட்யூப் உறுத்துறதால வர்ற ஃபீலிங், யூரின் தானா பைக்கு போயிட்டுதான் இருக்கும்.

படுக்கையோட தலைப்பக்கம் உயர்த்தி இருக்கும், பாதி உக்காந்த மாதிரி. தட்டையா படுக்கணும்னு கேக்காதீங்க, உடல் எடை அதிகமா இருக்குறவங்களுக்கு தட்டையா படுத்தா வயிறு மேல ஏறி நுரையீரல அமுக்கும்.

உடம்புல மாட்டி இருக்குற ஒயரெல்லாம் என்ன?

இத முன்னாடியே தெரிஞ்சு வச்சிக்கிட்டா பயம் பாதி போயிடும். மூக்குல இல்ல வாயில ஆக்ஸிஜன், நெஞ்சுல ஈசிஜி ஒட்டு, கையில பிபி பட்டை, விரல்ல கிளிப், இன்னொரு கையில ட்ரிப்ஸ். பிபி பட்டை ஆரம்பத்துல சில நிமிஷத்துக்கு ஒரு தடவ தானா இறுக்கும், எரிச்சலா இருக்கும், நேரம் ஆக ஆக இடைவெளி கூட்டுவாங்க. மெஷின் திடீர்னு கத்துச்சுன்னா முக்காவாசி நேரம் விரல் கிளிப் கழண்டிருக்கும், அவ்ளோதான்.

கெண்டைக்கால்ல ஒரு பட்டை சுத்தி இருக்கும், காத்து ஏறி இறுக்கும் அப்புறம் விடும். யாரோ கால அமுக்குறாங்கன்னு நெனச்சு பதறுனவங்க உண்டு. ரத்தம் கால்ல தேங்கி கட்டி ஆகாம இருக்கத்தான் அது. இதே காரணத்துக்காக வயித்துத் தோல்ல ஒரு சின்ன ஊசியும் போடுவாங்க, ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் வகை மருந்து, போட்ட இடம் நீலமா கன்னிப் போகலாம். இந்த ரத்தக்கட்டி விஷயத்த லேசா எடுத்துக்காதீங்க, கால்ல உருவாகி நுரையீரலுக்கு போனா உயிருக்கே ஆபத்து, இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் நடக்குற மரணங்களுக்கு முக்கியமான காரணங்கள்ல அதுவும் ஒண்ணு.

வலி எங்க இருக்கும், எங்க இருக்கும்னு நீங்க நெனைக்கவே மாட்டீங்க

லேப்ராஸ்கோப்பில (சின்ன ஓட்டை வழியா கேமரா விட்டு பண்ற முறை) வயித்துல சாதாரணமா 4ல இருந்து 6 சின்ன ஓட்டை போடுவாங்க. எல்லாம் ஒரே மாதிரி வலிக்காது. ஸ்லீவ்ல இரைப்பையோட முக்கால் பங்குக்கு மேல வெட்டி வெளிய எடுக்குறாங்க இல்லையா, அத இழுத்து எடுத்த ஓட்டை மட்டும் மத்தத விட நல்லா வலிக்கும், திரும்பிப் படுக்கும்போது சுருக்குனு இழுக்கும். "அந்த ஒரு பக்கம் மட்டும் ஏன் சிஸ்டர்"னு கேக்குறவங்களுக்கு பதில் பெரும்பாலும் இதுதான்.

ஆனா ஆளுங்கள நிஜமா ஆட்டி வைக்கிறது தோள்பட்டை வலி. ஆபரேஷன் வயித்துல, வலி தோள்ல, மாரடைப்பு வந்துடுச்சோன்னு பயந்து போய் பெல் அடிப்பாங்க. விஷயம் என்னன்னா, உள்ள பாக்க இடம் வேணும்னு வயித்துக்குள்ள கார்பன் டை ஆக்சைட் வாயுவ நிரப்புவாங்க. முடிச்சதும் வெளிய எடுத்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது மேல போய் நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற உதரவிதானத்த உறுத்தும். அந்த இடத்துக்கு வர்ற நரம்பு கழுத்துல இருந்து இறங்குது, அதனால மூளை அந்த வலிய தோள்ல இருக்குறதா காட்டுது. ரெண்டு மூணு நாள்ல ரத்தத்துல கரைஞ்சு மூச்சு வழியா வெளிய போயிடும். நடந்தா சீக்கிரம் குறையும்.

கேஸ்னு நாங்க சொன்ன உடனே ஒரு அட்டெண்டர் பைக்குள்ள இருந்து ஈனோ எடுப்பாங்க, இன்னொருத்தர் ஓம வாட்டர் எடுப்பாங்க. இது குடலுக்குள்ள இருக்குற கேஸ் இல்ல, குடலுக்கு வெளிய இருக்குற கேஸ், ஈனோ அதுகிட்ட போகவே போகாது. போதாததுக்கு அது நுரைச்சு பொங்குற சமாச்சாரம், தையல் போட்ட புது வயித்துக்குள்ள அத ஊத்துறது சுத்த ஆபத்து.

வலி எவ்ளோன்னு ஜீரோல இருந்து பத்துக்குள்ள நம்பர் கேப்போம். "பயங்கரமா இருக்கு"ன்னா எங்களுக்கு ஒண்ணும் புரியாது, "படுத்திருந்தா மூணு, எழுந்தா ஏழு"ன்னு சொன்னா டாக்டருக்கு மருந்து முடிவு பண்ண ஈஸி. பல்லக் கடிச்சு பொறுத்துக்கிறதுக்கு இங்க யாரும் மெடல் குடுக்க மாட்டாங்க, வலிக்குதுன்னு ஆழமா மூச்சு விடாம, நடக்காம கெடந்தா தான் அடுத்த பிரச்சனையே வரும்.

குமட்டல்

ஸ்லீவ் பண்ணவங்களுக்கு இது கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்கும். பெண்கள், பஸ்ல போனா வாந்தி வர்றவங்க, முன்னாடி ஏதாவது ஆபரேஷன்ல மயக்கம் தெளிஞ்சதும் வாந்தி எடுத்தவங்க, இவங்களுக்கு வர வாய்ப்பு அதிகம். மயக்க டாக்டர் பாக்க வரும்போதே இத சொல்லிடுங்க, முன்கூட்டியே மருந்து போடுவாரு. முழிச்சப்புறம் லேசா பொரட்டும்போதே ஊசி கேளுங்க, ஓங்கரிக்க ஆரம்பிச்சப்புறம் கேட்டா மருந்து வேலை செய்ய லேட் ஆகும். எச்சி நுரை நுரையா ஊறும், முழுங்காம துப்பிடுங்க. வாந்தில ரத்தமோ பழுப்பு நிறமோ தெரிஞ்சா கழுவி ஊத்தாம சிஸ்டர்கிட்ட காட்டுங்க, அது சாதாரணமா இல்லையான்னு நீங்க முடிவு பண்ண வேண்டாம்.

மூணு பந்து மெஷின்: ஊதக் கூடாது!

பிளாஸ்டிக்ல மூணு பந்து வச்ச ஒரு கருவி கையில குடுப்போம். கையில குடுத்ததும் எல்லாரும் பண்றது ஒண்ணுதான், கன்னத்த உப்பிக்கிட்டு ப்பூன்னு ஊதுவாங்க, பந்து அசையவே அசையாது, "இது ரிப்பேர் சிஸ்டர்"னு திருப்பிக் குடுப்பாங்க. ஊதக் கூடாது, உறிஞ்சணும். முதல்ல மூச்ச முழுசா வெளிய விடுங்க, வாய்ல குழாய இறுக்கிப் பிடிச்சு மெதுவா உள்ள இழுங்க, பந்து மேல போனதும் கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சு நிறுத்திட்டு விடுங்க. முழிச்சிருக்குற நேரத்துல மணிக்கு ஒரு பத்து தடவ. மூணு பந்தும் முதல் நாளே மேல போகணும்னு இல்ல, ஒண்ணு போனாலே போதும். வலிக்கு பயந்து மேலோட்டமா மூச்சு விட்டா நுரையீரலோட அடிப்பக்கம் சுருங்கி, சளி தேங்கி, ஜுரம் வந்து, நிமோனியா வரைக்கும் போகலாம். இருமல் வந்தா தலகாணிய வயித்துமேல அணைச்சு பிடிச்சிக்கிட்டு இருமுங்க, தையல் பிரிஞ்சிடும்னு அடக்காதீங்க.

அன்னைக்கே நடக்கணும்

வார்டுக்கு வந்து சில மணி நேரத்துல, பெரும்பாலும் அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள, நடக்க வைப்போம். "இப்பதானே ஆபரேஷன் முடிஞ்சுது, பாவம் படுக்க விடுங்க"ன்னு குடும்பமே எங்கள மொறைக்கும். சொந்தக்காரங்க கோபம் எங்களுக்கு பழகிடுச்சு.

எழுந்திரிக்கிற முறை முக்கியம். மல்லாந்த வாக்குல வயித்த மடக்கி எழாதீங்க. ஒரு பக்கமா திரும்புங்க, கால கட்டிலுக்கு வெளிய இறக்குங்க, கைய ஊணி உடம்ப தள்ளி உக்காருங்க. உக்காந்து கொஞ்ச நேரம் அப்படியே இருங்க, தல சுத்தலாம், கண்ணு இருட்டலாம், சரியானதும் சிஸ்டர் பிடிச்சிக்க நில்லுங்க. முதல் நடை கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் இருந்தா போதும். அப்புறம் ட்ரிப்ஸ் ஸ்டாண்ட தள்ளிக்கிட்டு காரிடார்ல ஒரு ரவுண்டு. முதல் தடவ நடக்கும்போது சிஸ்டர் இல்லாம போகாதீங்க, பாத்ரூம்ல விழுந்தவங்கள தூக்குற வேலை யாருக்கும் வேண்டாம்.

தண்ணி, இங்க தான் அட்டெண்டர்ங்க கவனிக்கணும்

டாக்டர் ஓகே சொல்ற வரைக்கும் ஒரு சொட்டு கூட கிடையாது. வாய் வறண்டா பஞ்ச நனைச்சு உதட்ட தொடச்சு விடலாம், வாய் கொப்பளிச்சு துப்பலாம். சில இடத்துல மறுநாள் காலையில ஒரு மருந்த குடிக்க வச்சு எக்ஸ்ரேல தையல் வழியா ஒழுக்கு இல்லன்னு பாத்துட்டுதான் தண்ணி ஆரம்பிப்பாங்க, சில இடத்துல ஆபரேஷன் நடக்கும்போதே நீல மருந்து விட்டு செக் பண்ணி முடிச்சிருப்பாங்க.

ஆரம்பிக்கும்போது 30 எம்.எல். கப், இருமல் டானிக் பாட்டில் மேல ஒரு சின்ன மூடி வருமே அந்த மாதிரி. அந்த ஒரு கப்ப முடிக்க கால் மணி நேரம். ஆமா, கால் மணி நேரம். ஸ்லீவ்ல இரைப்பை இப்ப ஒரு வாழைப்பழம் சைஸ்ல இருக்கு, பைபாஸ்ல அதவிட சின்னது, அதுவும் உள்ள வீங்கிப் போய் இருக்கு.

நம்ம ஊர்ல இதுல ஒரு தனி சிக்கல் இருக்கு, எச்சில் படாம டம்ளர அண்ணாந்து ஊத்திக் குடிக்கிற பழக்கம். அப்படி குடிச்சா எவ்ளோ இறங்குதுன்னு கண்ட்ரோலே இருக்காது, தண்ணியோட சேர்ந்து காத்தையும் முழுங்குவீங்க, நெஞ்சுல கல்ல வச்ச மாதிரி அடைச்சுக்கிட்டு வலிக்கும். உங்களுக்குன்னு தனி கப் வச்சிக்கிட்டு உதட்டுல வச்சு நனைக்கிற மாதிரி உறிஞ்சுங்க. ஸ்ட்ராவும் வேண்டாம்னு தான் நிறைய டாக்டருங்க சொல்வாங்க. குடிக்கும்போது நெஞ்சு நடுவுல அழுத்தம், விக்கல், திடீர்னு மூக்கு ஒழுகுறது, இதுல எது வந்தாலும் போதும்னு வயிறு சொல்லுதுன்னு அர்த்தம், அந்த இடத்துல நிறுத்துங்க.

அப்புறம் அந்த பாசக்கார அட்டெண்டர். "காலையில இருந்து பச்சத் தண்ணி கூட படல, முகம் வாடிப் போச்சு"ன்னு சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் பாட்டில நீட்டுற அம்மா, அக்கா, வீட்டுக்காரர். பேஷண்ட்டுக்கு நீர்ச்சத்து ட்ரிப்ஸ்ல போயிட்டுதான் இருக்கு, அவங்க காஞ்சு போகல. ஒழுங்கா ஆறிட்டிருக்குற ஸ்டேப்பிள் லைன் (இரைப்பைய வெட்டி பின் அடிச்சு மூடுன கோடு) மேல ஒரு டம்ளர் தண்ணிய மொத்தமா இறக்காதீங்க, அவ்ளோதான் கேக்குறேன்.

சுகர், பிபி மாத்திரை இருக்குறவங்க

சுகர் ரொம்ப வேகமா இறங்கும், எடை குறையுறதுக்கு முன்னாடியே. அதனால பழைய டோஸ் இன்சுலினையோ மாத்திரையையோ நீங்களா ஆரம்பிக்காதீங்க, லோ சுகர் ஆகி மயக்கம் போட்டுடுவீங்க. பிபி மாத்திரையும் அப்படித்தான், குறிப்பா யூரின் அதிகம் போக வைக்கிற வகை, தண்ணி கம்மியா குடிக்கிற இந்த நேரத்துல அது உடம்ப காய வச்சிடும். டிஸ்சார்ஜ் பண்ணும்போது எத நிறுத்தணும், எத பாதியாக்கணும்னு எழுதி வாங்குங்க.

வெயிட் மெஷின் மேல ஏறிப் பாக்காதீங்க. ட்ரிப்ஸ் தண்ணியிலயே ஒண்ணு ரெண்டு கிலோ கூட காட்டும், அதப் பாத்துட்டு மனசு உடைஞ்சு போனவங்கள பாத்திருக்கேன். "ஏன்டா இத பண்ணிக்கிட்டோம்"னு ரெண்டாவது நாள் ராத்திரி தோணுறதும் ரொம்ப சகஜம், வலி, பசியில்லாத வாய், தூக்கம் இல்லாதது எல்லாம் சேர்ந்து அப்படிப் பேச வைக்கும்.

உடனே கத்தி கூப்பிட வேண்டியது எது?

மேல சொன்னதெல்லாம் வரும், போகும். இது அப்படி இல்ல. சும்மா உக்காந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120க்கு மேல போயி இறங்காம இருக்குறது, மூச்சு வாங்குறது, 101க்கு மேல ஜுரம், குறைஞ்சிட்டு வந்த வயித்து வலி திடீர்னு கூடுறது, நடந்தும் குறையாத இடது தோள் வலி. ஸ்டேப்பிள் போட்ட இடத்துல ஒழுக்கு இருந்தா இப்படித்தான் ஆரம்பிக்கும். நூறு பேர்ல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் வரும், ஆனா வந்தா மணிக்கணக்குல லேட் பண்ணக் கூடாது. சில பேருக்கு முதல் அறிகுறியே நாடித்துடிப்பு ஏறுறது மட்டும்தான், வலியே பெருசா இருக்காது, அதனால தான் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி பல்ஸ் பாக்குறோம், திட்டாதீங்க.

ரத்த வாந்தி, தார் மாதிரி கருப்பா மலம், எழுந்தா மயக்கம் வர்றது, ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலிக்கிறது, குடிச்ச தண்ணி எதுவுமே தங்காம வெளிய வர்றது, நாள் முழுக்க யூரின் சரியா போகாதது, இதுவும் இந்த லிஸ்ட்தான். ஒழுக்கு முதல் ரெண்டு நாள்ல தான் வரும்னு இல்ல, வீட்டுக்குப் போயி ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சும் வரலாம்.

வீட்டுக்குப் போறது

எல்லாம் நல்லா இருந்தா ரெண்டு மூணு நாள்ல டிஸ்சார்ஜ். கார்ல வர்றவங்க ஒரு சின்ன தலகாணி எடுத்துட்டு வாங்க, சீட் பெல்ட்டுக்கும் வயித்துக்கும் நடுவுல வச்சிக்கலாம், நம்ம ஊரு ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொண்ணுக்கும் நன்றி சொல்வீங்க அந்த தலகாணிக்கு. ஷேர் ஆட்டோ, பைக் ரெண்டும் வேண்டாம். மாடி வீடா இருந்தா படி ஏறலாம், மெதுவா, நின்னு நின்னு.

வெளியூர்ல இருந்து சென்னைக்கு வந்து ஆபரேஷன் பண்ணிக்கிறவங்க டிஸ்சார்ஜ் ஆன ராத்திரியே கிளாம்பாக்கத்துல பஸ் ஏறி மதுரைக்கும் நெல்லைக்கும் உக்காந்துக்கிட்டே போறது எனக்கு சுத்தமா பிடிக்காது. கால மடக்கி அத்தனை மணி நேரம் உக்காந்தா ரத்தக்கட்டி ரிஸ்க், வழியில ஏதாவது ஆனா பாக்க ஆள் இல்ல. முடிஞ்சா முதல் ரிவ்யூ வரைக்கும் பக்கத்துல ரூம் எடுத்து இருங்க.

முதல் ரெண்டு வாரம் பெரும்பாலும் திரவம்தான். வடிகட்டுன தெளிவான ரசம் காரம் கம்மியா, நீர் மோர், பருப்புத் தண்ணி, இளநீர், சர்க்கரை இல்லாத புரோட்டீன் பவுடர். நாளைக்கு 60 கிராமுக்கு மேல புரோட்டீன் போகணும்னு டயட்டீஷியன் சொல்வாங்க, முதல் சில நாள்ல அது முடியாது, அதுக்காக திணிக்காதீங்க, முதல்ல தண்ணி. அதுவும் ஏப்ரல் மே மாசத்துல பண்ணிக்கிட்டவங்க கப்ப கையிலயே வச்சிட்டு சுத்துங்க, சென்னை வெயிலுக்கு காஞ்சு போயி திரும்ப அட்மிட் ஆகுறது சர்வ சாதாரணம். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் தூக்கிட்டு பாக்க வர்றவங்கள்ட்ட சிரிச்சிட்டு வாங்கி வச்சிடுங்க.

வலிக்குதுன்னு மெடிக்கல் ஷாப்ல காம்பிஃப்ளாம், டைக்ளோஃபெனாக் மாதிரி எதையும் வாங்கிப் போடாதீங்க, குறிப்பா பைபாஸ் பண்ணவங்க, புது இணைப்புல புண்ணு வந்துடும். பாரசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவு. பெரிய மாத்திரைய பொடிக்கலாமான்னு கேட்டுட்டு பொடிங்க, மெதுவா கரையுற வகைய பொடிச்சா மொத்த மருந்தும் ஒரே நேரத்துல இறங்கிடும். வயித்து அமிலம் குறைக்கிற மாத்திரையும் விட்டமின் மாத்திரையும் எழுதிக் குடுத்த தேதியில ஆரம்பிங்க. வாந்தி நிக்காம சில நாள் தொடர்ந்தா விட்டமின் பி1 குறைஞ்சு நரம்பு பாதிக்கும், "சரியாயிடும்"னு வீட்டுல உக்காந்திருக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. டிஸ்சார்ஜ் சம்மரிய ஃபோட்டோ எடுத்து உங்க ஃபோன்லயும் வீட்டுல இன்னொருத்தர் ஃபோன்லயும் வச்சிடுங்க, வார்டு நம்பரையும் சேவ் பண்ணிடுங்க. ராத்திரி நேரத்துல 108ல வேற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தா, அங்க முதல்ல சொல்ல வேண்டியது "எடை குறைப்பு ஆபரேஷன் ஆயிருக்கு, இத்தனாம் தேதி, இந்த வகை". வாந்தின்னு சொன்னா மூக்கு வழியா வயித்துக்கு ட்யூப் போடுறது வழக்கம், ஆனா புதுசா தையல் போட்ட இரைப்பைக்குள்ள பாக்காம அத தள்ளுனா ஓட்டை விழலாம், அதனால ட்யூப் போடுறதுக்கு முன்னாடி எங்க சர்ஜன்கிட்ட ஒரு வார்த்த பேசிடுங்கன்னு அட்டெண்டர் தைரியமா சொல்லணும்.